மருத்துவமனைக் கணினிப் பதிவுகளும் பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மருத்துவத் தரவு ஆய்வுப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துக்கொண்டு பெருங்குடல் புற்றுநோயைத் தடுப்பது பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஊருக்கு வரும்போது உறவினர்களும், இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஸ்கிரீனிங் என்றால் என்ன? பெருங்குடலுக்கு அது ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது?

எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஸ்கிரீனிங். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத எடைக்குறைவு என்று வந்தவருக்குச் செய்வது நோயறியும் சோதனை. கருவி ஒன்றாகவே இருக்கலாம், ஆள் வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இதுதான் வந்து குறுக்கே நிற்கும்.

பெருங்குடலின் உட்சுவரில் மரு மாதிரி வளரும் சதைக்கு பாலிப் என்று பெயர். அதில் அடினோமா என்ற வகை, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, புற்றாக மாறக்கூடும். எல்லா அடினோமாவும் மாறுவதில்லை. எது மாறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாததால், கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், வராமலேயே தடுக்கவும் முடிகிறது. இப்படி ஒரு வாய்ப்பு எல்லாப் புற்றுநோயிலும் கிடைப்பதில்லை.

முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ஃபிட் பரிசோதனை: வீட்டிலேயே மலத்தில் துளி எடுத்துக் குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். இன்னொன்று கொலோனோஸ்கோபி: கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. ஒன்றும் இல்லை என்றால் அடுத்தது 10 ஆண்டு கழித்துத்தான். அமெரிக்காவில் 50 வயதில் தொடங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021இல் அதை 45 ஆகக் குறைத்தார்கள்.

மின்னணு மருத்துவப் பதிவில் அப்படி என்னதான் இருக்கும்?

நீங்கள் டாக்டரைப் பார்த்த தேதி, அவர் போட்ட நோய்க் குறியீடு, எழுதிக்கொடுத்த மருந்து, ஆய்வக முடிவுகள், கொலோனோஸ்கோபி செய்தவர் எழுதிய அறிக்கை, எடுத்த பாலிப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பேத்தாலஜி டாக்டரின் அறிக்கை. இவற்றில் பாதி எண்ணும் குறியீடும். மீதி, மனிதர்கள் அவசரத்தில் தட்டச்சு செய்த வாக்கியங்கள்.

காப்பீட்டு பில் தரவும் இதுவும் வேறு. பில்லில் சோதனை நடந்தது தெரியும், அதன் முடிவு தெரியாது. ஃபிட் செய்தார் என்று பில் சொல்லும். பாசிட்டிவா நெகட்டிவா என்று மருத்துவப் பதிவுதான் சொல்லும்.

யாருடைய பதிவுகளை வைத்து இந்த ஆய்வுகள் நடக்கின்றன?

அதிகம் பேசப்படுவது வடக்கு கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே. 40 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அங்கே காப்பீடு கொடுப்பதும், வைத்தியம் பார்ப்பதும், ஆய்வகம் நடத்துவதும் ஒரே அமைப்புதான். ஒருவர் ஃபிட் குப்பியை அனுப்பியது முதல், பிறகு கொலோனோஸ்கோபி செய்தது, பாலிப் எடுத்தது, பல ஆண்டு கழித்துப் புற்று வந்ததா என்பது வரை ஒரே நூலில் கோத்துப் பார்க்க முடியும். அவர்களுக்கென்று தனியாகப் புற்றுநோய்ப் பதிவேடும் உண்டு. அமெரிக்காவில் இது அபூர்வம். மற்ற இடங்களில் ஒருவருடைய மருத்துவ வரலாறு நாலு மருத்துவமனையில் நாலு துண்டாகக் கிடக்கும்.

இது தவிர, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவ அமைப்பின் பதிவுகள், பிரிட்டனில் குடும்ப டாக்டர்களின் பதிவுகள், இஸ்ரேலில் மக்காபி என்ற சுகாதார அமைப்பின் பதிவுகள் ஆகியவையும் இந்தத் துறைக்குப் பெரிய பங்களித்திருக்கின்றன. 2011 முதல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 'ப்ராஸ்பர்' என்ற கூட்டு முயற்சிக்குப் பணம் கொடுத்து, கைசர் போன்ற அமைப்புகளையும் டல்லஸில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பார்க்லேண்ட் மருத்துவமனையையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்தது.

குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்யும் ஆய்வுதானே உறுதியானது? பழைய பதிவுகளைக் கிளறுவது எதற்கு?

உறுதி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு காலம், எவ்வளவு ஆள் தேவைப்படுகிறது என்று பாருங்கள். போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 84,585 பேரை வைத்து நடந்த நோர்டிக் ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2022இல் வந்தது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் செய்துகொண்டார்கள். 10 ஆண்டில் புற்று வந்தது, அழைக்கப்பட்ட குழுவில் 0.98 சதவீதம், அழைக்கப்படாத குழுவில் 1.20 சதவீதம். 'கொலோனோஸ்கோபியால் பெரிய பயன் இல்லை' என்று பலர் இதைப் புரிந்துகொண்டது எனக்கு வருத்தம். அந்த எண் சொல்வது அழைப்பின் பயனை. அழைத்தும் வராத 58 சதவீதம் பேரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அப்புறம், சில கேள்விகளைக் குலுக்கல் முறையில் கேட்கவே முடியாது. 'ஃபிட் பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேரை ஓராண்டு காக்க வையுங்கள், என்ன ஆகிறது பார்ப்போம்' என்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. 'உங்களுக்குத் திறமை குறைந்த டாக்டர், அவருக்குத் திறமையான டாக்டர்' என்று சீட்டுக் குலுக்கவும் முடியாது. நிஜ வாழ்க்கையில் இந்த இரண்டும் தினமும் நடக்கின்றன. நடந்ததைப் பதிவு வைத்திருக்கிறது.

சரி, இந்தப் பதிவுகளால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, டாக்டருக்கு டாக்டர் உள்ள வித்தியாசம். ஒரு டாக்டர் செய்யும் ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபிகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஒரு அடினோமாவையாவது கண்டுபிடிக்கிறார் என்பதை 'அடினோமா கண்டறிதல் விகிதம்' என்பார்கள். டக்ளஸ் கார்லி தலைமையிலான குழு கைசரில் 136 குடல் மருத்துவர்கள் செய்த 3,14,872 கொலோனோஸ்கோபிகளை எடுத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டது. சிலருடைய விகிதம் 7.4 சதவீதம், சிலருடையது 52.5. ஒரே அமைப்பு, ஒரே மாதிரிக் கருவிகள், இப்படி ஏழு மடங்கு வித்தியாசம்! சோதனை முடிந்து அடுத்த சோதனைக்குள் புற்று வந்தவர்கள் 712 பேர். விகிதம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் அந்த டாக்டரின் நோயாளிகளுக்குப் பின்னால் புற்று வரும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது, அதில் இறக்கும் அபாயம் 5 சதவீதம் குறைந்தது. 'ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்' என்ற வார்த்தையின் மதிப்பு சொல்பவரைப் பொறுத்தது என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்த வழியிலும் நிறுவியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தாமதம். ஃபிட் பாசிட்டிவ் வந்த 70,124 பேரை வைத்து 2017இல் வந்த ஆய்வு. ஒரு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 30 பேருக்குப் புற்று இருந்தது. 10 மாதம் வரை பொறுத்தவர்களிடம் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதைத் தாண்டியதும் கூடுகிறது. 12 மாதத்துக்கு மேல் போனவர்களிடம் புற்று இருக்கும் வாய்ப்பு 2.25 மடங்கு, முற்றிய நிலையில் இருக்கும் வாய்ப்பு 3.22 மடங்கு.

மூன்றாவது, ஒரு அமைப்பே மாறியபோது நடந்தது. வடக்கு கலிபோர்னியா கைசர் 2006 முதல் 2008க்குள் ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சோதனைக்கு நாள் கடந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஃபிட் குப்பி தபாலில் போகும். கேட்க வேண்டியதில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. சோதனை முறையாகச் செய்திருந்தவர்கள் 2000இல் 38.9 சதவீதம், 2015இல் 82.7. அதே காலத்தில் இந்தப் புற்றால் இறப்பவர்கள் லட்சத்துக்கு 30.9இலிருந்து 14.7 ஆகக் குறைந்தார்கள். பாதிக்கும் கீழே. புதிதாகப் புற்று வருபவர்களும் 95.8இலிருந்து 71.4 ஆனார்கள். இது முன்பு-பின்பு ஒப்பீடு. இடையில் சிகிச்சையும் முன்னேறியது, அதன் பங்கும் இதில் இருக்கும்.

நான்காவது, 2022இல் அதே அமைப்பிலிருந்து வந்தது. கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே இந்தப் புற்றால் வரும் இறப்பில் இருந்த இடைவெளி 2007-2009இல் லட்சத்துக்கு 21.6. குப்பி எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரிப் போன பிறகு, 2019இல் 1.6. இந்த இடைவெளிக்கு உடம்பின் இயல்பைக் காரணம் காட்டுபவர்களுக்கு இந்த ஒரு எண்ணைத்தான் நான் காட்டுவேன்.

எனக்கு ஃபிட் பாசிட்டிவ். 10 மாதம் வரை ஒன்றும் ஆகாது என்று மேலே இருக்கிறதே, மெதுவாகப் போகலாமா?

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. உங்கள் குடலில் என்ன இருக்கிறது என்று அந்தச் சராசரிக்குத் தெரியாது. கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனை தன் வரிசையை எப்படித் திட்டமிடலாம் என்பதற்கு உதவுகிற எண் அது. உங்களுக்குக் கிடைக்கிற முதல் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். 'இன்னொரு தடவை ஃபிட் செய்து பார்க்கிறேன், நெகட்டிவ் வந்தால் விட்டுவிடுகிறேன்' என்பதும் வேண்டாம். ரத்தம் விட்டுவிட்டு வரும். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழித்துவிடாது.

கொலோனோஸ்கோபி செய்தாரா இல்லையா என்பது குறியீட்டைப் பார்த்தாலே தெரியுமே. இதில் என்ன கஷ்டம்?

செய்தாரா என்பது தெரியும். ஏன் செய்தார் என்பதில்தான் எல்லாக் கஷ்டமும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். கொலோனோஸ்கோபி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டேன். செய்தவர்களிடம் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று வந்தது. இரண்டு நாள் கணக்கில் தவறு தேடினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு மூத்த சக ஊழியர் ஒருவர் இருபது நோயாளிகளின் பதிவைத் திறந்து படிக்கச் சொன்னார். படித்தால், பாதிப் பேர் ரத்தசோகைக்காகவும் ரத்தப்போக்குக்காகவும் அனுப்பப்பட்டவர்கள். நோய் அவர்களைச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. நான் அதைத் தலைகீழாகப் படித்திருந்தேன்.

சரி, 'ஸ்கிரீனிங்' என்று குறியீடு இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அதிலும் பொறி இருக்கிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில், சாதாரண அபாயம் உள்ளவருக்கு ஸ்கிரீனிங் செய்து ஒன்றும் எடுக்கவில்லை என்றால் ஜி0121 என்ற குறியீடு. அதே ஆளுக்கு உள்ளே பாலிப் தென்பட்டு, கம்பி வளையத்தால் அறுத்து எடுத்தால் குறியீடு 45385 ஆகிவிடும். பயாப்ஸி எடுத்தால் 45380. ஸ்கிரீனிங்காகத் தொடங்கியது என்று காட்ட ஒரு சிறு பின்னொட்டு மட்டும் சேர்ப்பார்கள், சில இடங்களில் அதையும் மறந்துவிடுவார்கள். ஜி0121 மட்டும் எடுத்தால் உங்கள் ஆய்வில் பாலிப்பே இருக்காது. உலகத்திலேயே ஆரோக்கியமான குடல்கள் உங்களிடம்தான் இருக்கும்.

அதனால் குறியீட்டோடு நிற்காமல், முந்தைய ஆறு மாதத்தில் ரத்தசோகை பதிவாகியிருக்கிறதா, முந்தைய ஃபிட் முடிவு என்ன, அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறோம். அப்படி முடிவு செய்த விதி சரிதானா என்று பிறகு சில நூறு பதிவுகளை ஆள் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு வெளியான ஆய்வை நான் நம்புவதில்லை.

டாக்டர் எழுதியதைக் கணினி படித்துப் புரிந்துகொள்ளுமா?

ஓரளவு நன்றாகவே. 'அடினோமா' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவது எளிது. ஆனால் 'அடினோமா காணப்படவில்லை', '2009இல் அடினோமா எடுக்கப்பட்டது', 'நோயாளியின் அண்ணனுக்கு அடினோமா இருந்தது' என்ற மூன்றிலும் அந்தச் சொல் இருக்கிறதே! மறுப்பு, காலம், யாரைப் பற்றியது என்ற மூன்றையும் பிரித்தறியக் கணினியைப் பழக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், அறிக்கைகள் இரண்டு இடத்தில் இருப்பது. கொலோனோஸ்கோபி அறிக்கை 'ஏறுகுடலில் 8 மில்லிமீட்டர் பாலிப், முதல் குப்பியில் அனுப்பப்பட்டது' என்று சொல்லும். பேத்தாலஜி அறிக்கை 'முதல் குப்பி: அடினோமா, இரண்டாம் குப்பி: சாதாரணத் திசு' என்று சொல்லும். அளவும் இடமும் ஒன்றில், வகை மற்றொன்றில். குப்பி எண்ணை வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். ஒரே குப்பியில் மூன்று பாலிப் போட்டு அனுப்பியிருந்தால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுத வேண்டியதுதான்.

பதிவில் இல்லை என்றால் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கொலோனோஸ்கோபி 10 ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று ஆண்டுக்கு முன்பு வேலை மாறி இந்த மருத்துவமனைக்கு வந்தவர், பழைய ஊரில் செய்துகொண்டிருக்கலாம். நம் பதிவில் அவர் 'செய்யாதவர்'. அதனால்தான் உறுப்பினராகச் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஆய்வாளருக்கு ஆய்வக முடிவு அளவுக்கு முக்கியம். ஒருவர் நம் கண்ணெதிரில் இருந்த காலத்தை மட்டுமே அவரைப் பற்றிப் பேச எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பேர் இருக்கும்போது சிறு பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடாதா?

இது மாணவர்கள் கேட்பதில் மிக முக்கியமான கேள்வி. தற்செயலான பிழைகள் சமனாகும். ஒரே பக்கம் சாயும் பிழை, ஆள் கூடக் கூடச் சமனாகாது. தவறான விடையை நாம் இன்னும் உறுதியாக நம்புவோம், அவ்வளவுதான். பழுதான தராசில் பத்து லட்சம் தடவை நிறுத்தாலும் எடை சரியாக வராது.

பெருங்குடல் ஸ்கிரீனிங்கில் மூன்று சாய்வுகள் அடிக்கடி வருகின்றன. ஸ்கிரீனிங்குக்குத் தானாக வருபவர் பொதுவாகவே உடம்பில் அக்கறை உள்ளவர். தடுப்பூசி போட்டுக்கொள்வார், புகைக்க மாட்டார். அவர் நீண்ட நாள் வாழ்வதில் கொலோனோஸ்கோபிக்கு எவ்வளவு பங்கு, அவருடைய பழக்கங்களுக்கு எவ்வளவு? இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அதே தரவில், ஸ்கிரீனிங் சாலை விபத்து மரணத்தையும் 'குறைக்கிறதா' என்று பாருங்கள். குறைப்பதாக வந்தால் உங்கள் குழுக்கள் ஆரம்பத்திலேயே வேறுபட்டவை.

அடுத்தது, மரணமில்லாக் காலம். 2010 ஜனவரியில் ஆய்வு தொடங்குகிறது என்று வையுங்கள். ஒருவர் 2015இல் கொலோனோஸ்கோபி செய்கிறார். அவரை 2010 முதலே 'செய்தவர்' பட்டியலில் போட்டால், இடைப்பட்ட ஐந்து ஆண்டும் அவர் சாகவே முடியாது. செத்திருந்தால் 2015இல் சோதனைக்கு வந்திருக்க மாட்டார். 2012இல் இறந்தவர்கள் எல்லாரும் தானாகவே 'செய்யாதவர்' பட்டியலில் விழுவார்கள். ஒரு பயனும் இல்லாத சோதனைகூட இந்தக் கணக்கில் உயிர் காக்கும் சோதனையாகத் தெரியும். வெளியான ஆய்வுகளிலேயே இந்தத் தவறைப் பார்க்கலாம்.

மூன்றாவது, நான் செய்த தவறு. நோய் இருப்பதால் சோதனைக்கு வந்தவர்கள் கலந்துவிடுவது.

இதற்கு இப்போது கையாளும் முறை, 'குலுக்கல் ஆய்வாக இதை நடத்தியிருந்தால் எப்படி நடத்தியிருப்போம்' என்று முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு, அதன்படியே பதிவுகளைப் பிரிப்பது. யார் தகுதியானவர், எந்த நாள் தொடக்கம், அந்த நாளில் யார் எந்தக் குழு. 2017இல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு மெடிகேர் பில் தரவில் இப்படிச் செய்தது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள். 70-74 வயதில் கொலோனோஸ்கோபி செய்தால் 8 ஆண்டில் புற்று வரும் அபாயம் 2.19 சதவீதம், செய்யாவிட்டால் 2.62. 75-79 வயதில் 2.84, 2.97. அதாவது வயது கூடக் கூடப் பயன் சுருங்குகிறது. 78 வயது அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் உதவும்.

நோய் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வரைந்தால் 2015இல் திடீரென்று வரைபடம் குதிக்கிறது. அந்த ஆண்டு நோய் கூடியதா?

பெரும்பாலும் இருக்காது. அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1ஆம் தேதி நோய்க் குறியீட்டின் ஒன்பதாம் பதிப்பிலிருந்து பத்தாம் பதிப்புக்கு மாறின. பெருங்குடல் புற்றுக்கான பழைய 153 புதிதில் சி18 ஆனது. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை. அதே மாதிரி 2020 மார்ச், ஏப்ரலில் கொலோனோஸ்கோபிகள் அடியோடு சரிந்திருக்கும், அது கொரோனா. வரைபடத்தில் திடீர் மேடு பள்ளம் கண்டால் மருத்துவக் காரணம் தேடுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தே பெருங்குடல் புற்றை முன்கூட்டிச் சொல்ல முடியுமாமே?

யாரை முதலில் சோதிப்பது என்று சொல்ல உதவும். இஸ்ரேலின் மக்காபி பதிவுகளில் 6,06,403 பேருடைய வயது, ஆணா பெண்ணா, முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு கணிப்பு முறையை உருவாக்கி, பிரிட்டன் பதிவுகளில் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அடிப்படை எளிமையானது. குடலில் உள்ள கட்டி கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிய விட்டால் ஹீமோகுளோபினும் சிவப்பணுக்களின் அளவும் மெல்லக் குறையும். ஒருவருக்கு 15.1 இருந்தது மூன்று ஆண்டில் 13.6 ஆனால், இரண்டுமே 'நார்மல்' என்றுதான் அச்சாகும். டாக்டர் இன்றைய தாளை மட்டும் பார்ப்பார். கணினி பழைய தாளையும் சேர்த்துப் பார்க்கும்.

எச்சரிக்கை ஒன்று: ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்ததே ஏதோ தொந்தரவுக்காக இருக்கலாம். அப்போது கணிப்பு முறை கற்றுக்கொள்வது நோயையா, டாக்டரின் சந்தேகத்தையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபிட் பரிசோதனைக்கு இது மாற்றும் ஆகாது.

என் பெயர், முகவரி எல்லாம் ஆய்வாளர்களுக்குத் தெரியுமா?

பெரும்பாலான ஆய்வுகளில் தெரியாது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ் 18 வகை அடையாளங்களை நீக்கினால் தரவு அடையாளமற்றது என்று கருதப்படும். பெயர், தொலைபேசி எண் மட்டுமல்ல, சிகிச்சை நடந்த தேதியும் அடையாளம்தான். 89 வயதுக்கு மேல் என்றால் வயதும் அடையாளம், எல்லாரையும் '90ம் அதற்கு மேலும்' என்று ஒரே கட்டில் போட வேண்டும். ஆனால் தாமதத்தை ஆராய எங்களுக்குத் தேதி வேண்டுமே? ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாள் முன்னேயோ பின்னேயோ நகர்த்திக் கொடுப்பது ஒரு வழி. இடைவெளி அப்படியே இருக்கும், உண்மைத் தேதி மறைந்துவிடும். உண்மைத் தேதியே வேண்டும் என்றால் நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது டாக்டர் எழுதும் வாக்கியங்கள்தான். 'இன்ன கடை வைத்திருப்பவர், போன மாதம் தம்பி இறந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை' என்று எழுதியிருந்தால், பெயரை நீக்கினாலும் அந்த ஊர்க்காரருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் அந்த வாக்கியங்கள் மருத்துவமனையின் கணினியைவிட்டு வெளியே போகாமல், அதிலிருந்து எடுத்த 'ஆம், இல்லை' விடைகள் மட்டும் வெளியே வரும்படி வேலை செய்வதே நல்லது.

கைசர் உறுப்பினர்கள் காப்பீடு உள்ளவர்கள். இல்லாதவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

எண்கள் அப்படியே பொருந்தாது, வழி பொருந்தும். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் காப்பீடு இல்லாத 5,970 பேரை மருத்துவப் பதிவிலிருந்து கண்டெடுத்து ஒரு குலுக்கல் ஆய்வு நடத்தினார்கள், 2013இல் வெளியானது. வழக்கம்போல விட்டவர்களில் 12.1 சதவீதம் பேர் சோதனை செய்துகொண்டார்கள். கொலோனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பியவர்களில் 24.6. வீட்டுக்கே ஃபிட் குப்பி அனுப்பியவர்களில் 40.7. குழாயைவிடக் குப்பியை ஏழைகள் எளிதாக ஏற்றார்கள். ஒரு நாள் கூலியை விட வேண்டாம், கூட ஆள் வர வேண்டாம்.

ஆனால் ஓரிகன், கலிபோர்னியாவின் 26 சமூக மருத்துவ மையங்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் பதிவு மென்பொருளே பட்டியல் எடுத்துக் கொடுக்கும்படி செய்து நடத்திய ஆய்வில், ஃபிட் செய்தவர்கள் வழக்கம்போல விட்ட மையங்களில் 10.4 சதவீதம், பட்டியல் கிடைத்த மையங்களில் 13.9 மட்டுமே. பட்டியலைக் கணினி ஒரு நொடியில் கொடுத்துவிடும். உறையில் போட்டு, முகவரி சரிபார்த்து, தபாலில் சேர்த்து, பாசிட்டிவ் வந்தவருக்குப் போன் செய்ய ஆள் வேண்டும். பல மையங்களில் அந்த ஆள் இல்லை, அல்லது அவருக்கு வேறு பத்து வேலை இருந்தது.

இந்தியாவில் இப்படி ஆய்வு செய்ய முடியுமா?

இப்போதைக்குக் கடினம். அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளுக்குத்தான் ஸ்கிரீனிங், பெருங்குடல் இல்லை. இங்கே இந்த நோய் அமெரிக்காவைவிடக் குறைவு என்பதால் அது நியாயமான முன்னுரிமைதான். 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 'ஆபா' எண், ஒருவருடைய துண்டு துண்டான பதிவுகளை இணைக்கும் நோக்கம் கொண்டது. கலிபோர்னியாவில் கிடைத்த அபாய எண்களை எடுத்து மதுரையில் உள்ள ஒருவருக்கு அப்படியே சொல்லக் கூடாது.

இந்தத் துறையில் வேலை பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

புள்ளியியலும் ஒரு கணினி மொழியும் எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு முன்பு, அனுமதி கிடைத்தால், ஒரு நாள் கொலோனோஸ்கோபி அறையில் ஓரமாக நில்லுங்கள். டாக்டர் குழாயை வெளியே இழுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், நர்ஸ் எந்தப் பெட்டியை டிக் செய்கிறார், அறிக்கையின் எந்த வரி மென்பொருளில் முன்பே நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 'குடல் சுத்தம்: நன்று' என்று எல்லா அறிக்கையிலும் ஏன் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பிறகு நூறு நோயாளிகளின் பதிவை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள், கையில் நோட்டு வைத்துக்கொண்டு. எந்தக் குறியீடு எதைச் சொல்லத் தவறியது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எனக்கு இருபது பதிவில் கிடைத்த பாடம் அந்த நோட்டில் உங்களுக்குச் சீக்கிரமே கிடைக்கும்.